நார்வே சுற்றுலா: டிக்கெட் போடுவதற்கு முன் கேட்கப்படும் கேள்விகள்

முதல்முறையாக நார்வே போக நினைக்கும் குடும்பங்களும் நண்பர் குழுக்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். வரிசை எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், முதல் மூன்றை மட்டும் தாண்டிவிடாதீர்கள். மற்ற பதில்கள் எல்லாம் அவற்றைப் பொறுத்தே மாறும்.

எந்த மாதத்தில் போவது நல்லது?

எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஃபியோர்டுகள் (பனியாறுகள் குடைந்த பள்ளத்தில் கடல் புகுந்துகொண்ட இடங்கள்), மலைப்பாதைகள், அருவிகள் என்றால் ஜூன் முதல் செப்டம்பர் தொடக்கம் வரை. இரவு வானில் ஆடும் துருவ ஒளி (நார்தர்ன் லைட்ஸ்) என்றால் செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் கடைசி வரை. நள்ளிரவிலும் மறையாத சூரியன் என்றால் ஜூன், ஜூலை, அதுவும் ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே.

நம் ஊர்ப் பள்ளி விடுமுறையை வைத்து மே மாதம் கிளம்புகிறவர்கள் அதிகம். மே மோசமில்லை, ஆனால் அதற்கென்று ஒரு குணம் உண்டு. மலைமேல் பனி உருகிக்கொண்டிருப்பதால் அருவிகள் முழு வேகத்தில் இறங்கும். ஹார்டாங்கர் ஃபியோர்டின் கரையில் ஆப்பிள் தோட்டங்கள் மே நடுவில் பூத்துக் குலுங்கும். மே 17 நார்வேயின் அரசியல் சாசன நாள். 1814இல் அந்த நாளில்தான் சாசனம் கையெழுத்தானது. ஊருக்கு ஊர் பிள்ளைகளின் ஊர்வலம், எல்லோரும் பாரம்பரிய உடையில், கையில் கொடி. ராணுவ அணிவகுப்பு கிடையாது, பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான் நாயகர்கள். அன்றைக்குக் கடைகள் மூடியிருக்கும், சாப்பாட்டுக்கு முந்தின நாளே வழி செய்துகொள்ளுங்கள். மே மாதத்தின் குறை என்னவென்றால், உயரமான மலைச்சாலைகள் சில இன்னும் பனியால் மூடிக் கிடக்கும், படகுச் சேவைகள் பலவும் ஜூனில்தான் முழுமையாகத் தொடங்கும்.

ஜூலையில் நார்வேக்காரர்களே விடுமுறையில் இருப்பார்கள், ஐரோப்பா முழுவதிலிருந்தும் வேன்கள் வந்து குவியும். தேதியை நீங்களே தேர்ந்தெடுக்க முடிந்தால் ஜூன் முதல் பாதி அல்லது ஆகஸ்ட் கடைசி என்றுதான் சொல்வேன்.

நள்ளிரவுச் சூரியனையும் துருவ ஒளியையும் ஒரே பயணத்தில் பார்க்க முடியாதா?

முடியாது. துருவ ஒளிக்கு இருட்டு வேண்டும். வடக்கே இருக்கும் டிரோம்சோ நகரில் மே 20 வாக்கிலிருந்து ஜூலை 22 வாக்கு வரை சூரியன் அடிவானத்துக்குக் கீழே போகவே போகாது. அதற்கு முன்னும் பின்னும் சில வாரங்கள் இரவு என்று சொல்லும்படி இருட்டாது. இரண்டும் கிடைக்கும் என்று எந்த ஏஜென்ட்டாவது ஜூன் மாத பேக்கேஜ் விற்றால், அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

தெற்கே ஓஸ்லோவிலும் பெர்கனிலும் ஜூனில் சூரியன் மறையும், ஆனால் இரவு பத்தரை, பதினொரு மணி ஆகும். குழந்தைகள் தூங்கக் கண்ணை மூடும் பட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். டிசம்பரில் கதையே வேறு. ஓஸ்லோவில் பகல் வெளிச்சம் ஆறு மணி நேரம்கூட இருக்காது, டிரோம்சோவில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் எழவே எழாது.

பத்து நாள் இருக்கிறது. நாடு முழுக்கச் சுற்றிவிடலாமா?

இந்த ஆசைதான் பெரும்பாலான நார்வே பயணங்களைக் கெடுக்கிறது. வரைபடத்தில் ஒல்லியாகத் தெரியும் நாடு, நீளத்தில் கொன்றுவிடும். ஓஸ்லோவிலிருந்து டிரோம்சோவுக்கு விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். சாலையில் போனால் 1,600 கிலோமீட்டருக்கு மேல். வடகோடியில் இருக்கும் நூர்காப்பு முனைக்கு 2,000 கிலோமீட்டரைத் தாண்டும். இடையில் மலை, சுரங்கம், படகு, ஆட்டுக்கூட்டம்.

ஆகவே தெற்கு ஃபியோர்டுப் பகுதி, அல்லது வடக்கே ஏதாவது ஓரிடம், இரண்டில் ஒன்று. ஏழு நாளுக்குக் கீழே என்றால் இதில் சமரசமே கிடையாது. பத்து நாள் இருந்தால் ஓஸ்லோவில் இரண்டு இரவு, ஃபியோர்டுக் கரையில் இரண்டு, பெர்கனில் இரண்டு என்று வைத்துக்கொண்டு, பெர்கனிலிருந்து டிரோம்சோவுக்குப் பறந்து மூன்று இரவு தங்கலாம். அதற்கு மேல் எதையும் திணிக்காதீர்கள். இந்த நாட்டில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும் வழிதான் காட்சி. பெட்டியை மூடுவதிலும் திறப்பதிலும் நாள் போனால் ஜன்னலுக்கு வெளியே பார்க்க யாருக்கும் தெம்பு இருக்காது.

விசா?

நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளைச் சுற்றக்கூடிய ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. ஷெங்கன் விசா போதும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடைக்குப் போவதாக இருந்தால் சீக்கிரம் செய்வது நல்லது, நேர்காணல் தேதி கிடைப்பதுதான் பாடு. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். நாடு திரும்பும் தேதிக்குப் பிறகு மூன்று மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும்.

பலர் சறுக்கும் இடம் ஸ்வால்பார்ட். 78 டிகிரி வடக்கில் இருக்கும் அந்தத் தீவுக்கூட்டம் நார்வேக்குச் சொந்தம்தான், ஆனால் ஷெங்கனுக்கு வெளியே. ஒருமுறை நுழையும் விசாவோடு அங்கே போனால் திரும்ப ஓஸ்லோவுக்குள் வர முடியாது. அந்தத் திட்டம் இருந்தால் இரண்டு முறை அல்லது பலமுறை நுழையும் விசாவாகக் கேட்டு வாங்குங்கள்.

சென்னையிலிருந்து நேரடி விமானம் உண்டா?

இல்லை. துபாய், தோஹா, அல்லது ஏதாவது ஐரோப்பிய நகரத்தில் மாறித்தான் போக வேண்டும். ஓஸ்லோவின் பெரிய விமான நிலையம் கார்டர்மோன். அங்கிருந்து நகருக்கு ஓடும் விரைவு ரயிலின் விளம்பரத்தைப் பார்த்து மயங்காதீர்கள். வீ நிறுவனத்தின் வழக்கமான ரயில் சில நிமிடம்தான் கூடுதலாக எடுக்கும், கட்டணம் பாதிக்குப் பக்கம். இன்னொன்று: மலிவு விமானங்களில் 'ஓஸ்லோ டோர்ப்' என்று போட்டிருந்தால் அது நகரத்திலிருந்து 100 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது.

எல்லோரும் சொல்லும் அந்த ஓஸ்லோ – ஃப்ளோம் – பெர்கன் பாதை உண்மையிலேயே அவ்வளவு நல்லதா?

ஆமாம். பிரபலமாகிவிட்டது என்பதற்காகத் தவிர்க்க வேண்டியதில்லை.

ஓஸ்லோவிலிருந்து பெர்கன் ரயிலில் ஏறுங்கள். 1909இல் திறந்த பாதை. காடு, ஏரி என்று மெதுவாக ஏறி, ஹார்டாங்கர்விடா பீடபூமிக்கு வரும்போது மரமே இருக்காது. ஃபின்ஸே நிலையம் 1,222 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூன் மாதத்திலும் அங்கே பனி கிடக்கும். அதற்குப் பிறகு வரும் மிர்டாலில் இறங்கி ஃப்ளோம் ரயிலுக்கு மாற வேண்டும். இருபது கிலோமீட்டர்தான், ஆனால் 866 மீட்டர் உயரத்திலிருந்து கடல் மட்டத்துக்கு இறங்குகிறது. பதினெட்டு மீட்டர் ஓடினால் ஒரு மீட்டர் இறங்கும் சரிவு. பல் சக்கரம், இழுவைக் கம்பி எதுவும் இல்லாமல் சாதாரணத் தண்டவாளத்தில் இது நடக்கிறது. நடுவில் ஷோஸ்ஃபோசன் அருவி முன்னால் நிறுத்துவார்கள், இறங்கிப் படம் எடுக்கலாம், நனையவும் செய்யலாம்.

ஃப்ளோமிலிருந்து குட்வாங்கனுக்குப் படகு, இரண்டு மணி நேரம். பாதியில் படகு திரும்பி நேரோய் ஃபியோர்டுக்குள் நுழையும்.  ஃபியோர்டுகளிலேயே மிகக் குறுகலான ஒன்று இது, ஓரிடத்தில் அகலம் 250 மீட்டர்தான், இரண்டு பக்கமும் பாறைச் சுவர். 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இந்தப் பாதையில் மின்சாரப் படகுகள் ஓடுவதால் இன்ஜின் இரைச்சல் இல்லை, கரையில் மேயும் ஆட்டின் மணிச்சத்தம் கேட்கும். குட்வாங்கனிலிருந்து வோஸ்ஸுக்குப் பேருந்து, அங்கிருந்து பெர்கனுக்கு மறுபடி ரயில்.

இதையே மொத்தமாகக் கட்டி ஒரு பேக்கேஜாக விற்கிறார்கள். வழிகாட்டி யாரும் கூட வரமாட்டார். கிடைப்பது டிக்கெட்டுகளின் தொகுப்பு மட்டுமே. ரயில், படகு, பேருந்து மூன்றையும் தனித்தனியாக இணையத்தில் நீங்களே எடுக்கலாம். முன்கூட்டியே எடுத்தால் ஓஸ்லோ – பெர்கன் ரயிலில் மலிவு டிக்கெட்டும் கிடைக்கும். ஒரே நாளில் இந்தப் பாதையை முடித்துவிடலாம் என்பது உண்மை. ஆனால் அப்படி முடிக்காதீர்கள். பகலில் சுற்றுலாக் கப்பல் ஒன்று வந்து நின்றால் ஃப்ளோம் சந்தைக்கடைதான். மாலையில் கப்பல் போனபிறகு ஊர் காலியாகிவிடும். அங்கேயோ பக்கத்து ஊரான அவுர்லாண்டிலோ ஓர் இரவு தங்கி, ஃபியோர்டுக்கு 650 மீட்டர் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டெகஸ்டைன் மேடைக்குப் போய் வாருங்கள்.

பெர்கனில் எப்போதும் மழையாமே?

வருடத்தில் இருநூறு நாளுக்கு மேல் மழை பெய்யும் ஊர். குடையை நம்பாதீர்கள், காற்று மடக்கிவிடும். தொப்பி வைத்த மழைக்கோட்டுதான் சரி. ஹன்சா என்ற பழைய ஜெர்மானிய வணிகச் சங்கத்தின் வணிகர்கள் இருந்த பிரிக்கன் மரவீடுகளின் முன்பக்கத்தைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பாமல், நடுவில் இருக்கும் மரச் சந்துகளுக்குள் நுழைந்து பாருங்கள், மழைக்கும் ஒதுங்கினாற்போல இருக்கும். மேகம் விலகும் நேரம் பார்த்து ஃப்ளோயன் மலைக்கு இழுவை ரயிலில் ஏறினால் ஊரும் துறைமுகமும் காலடியில்.

கெய்ராங்கர் ஃபியோர்டை விட்டுவிடலாமா?

கார் இல்லையென்றால், குறைந்த நாள்தான் என்றால், விட்டுவிடுங்கள். அழகில் குறையில்லை, ஏழு சகோதரிகள் அருவி அங்கேதான். ஆனால் ரயில் கிடையாது. பக்கத்து ரயில் நிலையம் ஓண்டால்ஸ்னெஸ், அங்கிருந்தும் மலைச்சாலைகளைத் தாண்ட வேண்டும். அந்த வழியில் வரும் ட்ரோல்ஸ்டீகன் சாலை, பதினொரு கொண்டை ஊசி வளைவுகள் கொண்டது, குளிர்காலம் முழுக்க மூடியிருக்கும். பாறைச்சரிவு பயத்தால் கோடையிலும் மூடியது உண்டு. கிளம்பும் வாரத்தில் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கார் எடுக்கிறவர்கள் ஓலெசுண்ட் ஊரையும் சேர்த்துக்கொள்ளலாம். 1904இல் தீயில் அழிந்து, சில ஆண்டுகளில் ஒரே பாணியில் எழும்பிய நகரம்.

வடக்கே லோஃபோடனா, டிரோம்சோவா?

கோடையில் லோஃபோடன், குளிர்காலத்தில் டிரோம்சோ. கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

லோஃபோடன் தீவுகளில் கடலிலிருந்து நேராக மலை எழும். அடியில் சிவப்பு மீனவர் குடில்கள். இன்று பெரும்பாலும் அவை தங்கும் அறைகள், சமையலறையோடு. ரெய்னே, ஹாம்னோய் என்று படங்களில் பார்க்கும் ஊர்கள் எல்லாம் ஈ10 சாலையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. குளிர்காலத்தில் பாரெண்ட்ஸ் கடலிலிருந்து காட் மீன் முட்டையிட இங்கே வரும். அதைப் பிடித்து, தலையை நீக்கி, மரச்சட்டங்களில் ஜோடி ஜோடியாகத் தொங்கவிடுகிறார்கள். உப்பே போடாத கருவாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த காற்றே அதைக் காய வைத்துவிடுகிறது. உடம்பு இத்தாலிக்கும், காய்ந்த தலை நைஜீரியாவுக்கும் ஏற்றுமதியாகின்றன. மார்ச் முதல் மே வரை போனால் சட்டங்கள் நிறைந்திருக்கும், வாசனையையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். லோஃபோடனில் பேருந்தை நம்பிச் சுற்றுவது கடினம், கார் வேண்டும்.

டிரோம்சோ நகரம். கார் இல்லாமலே சமாளிக்கலாம், சுற்றுலா வண்டிகள் விடுதி வாசலிலிருந்தே கூட்டிப் போகும். 69 டிகிரி வடக்கு என்றாலும் அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரோட்டத்தால் கடற்கரைக் குளிர் நீங்கள் பயப்படும் அளவுக்கு இருக்காது. உள்நாட்டுப் பக்கம் போனால்தான் கடுங்குளிர்.

துருவ ஒளி நிச்சயம் தெரியுமா?

நிச்சயம் என்று யாராலும் சொல்ல முடியாது. மூன்று அல்லது நான்கு இரவு ஒதுக்குங்கள். ஒரே ஓர் இரவை நம்பிப் போவது சூதாட்டம்.

பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று சொல்லும் கேபி எண்ணையே பலர் செயலியில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அது தெற்கே இருப்பவர்களுக்குத்தான் முக்கியம். டிரோம்சோ துருவ ஒளி வளையத்துக்கு நேர் அடியிலேயே இருக்கிறது, கேபி 2 இருந்தாலே வானம் ஆடும். அங்கே எதிரி மேகம்தான். அதனால்தான் நல்ல வழிகாட்டிகள் மேக வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு மணிக்கணக்கில் வண்டி ஓட்டுகிறார்கள், சில இரவுகளில் ஃபின்லாந்து எல்லைவரைகூட. பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். பேருந்தில் ஐம்பது பேரோடு போவதைவிட, கொஞ்சம் கூடக் கொடுத்துச் சின்ன வேனில் போவது இந்த ஒரு விஷயத்தில் உபயோகமான செலவு.

கண்ணுக்குத் தெரிவது படத்தில் இருப்பதைவிட மங்கலாக இருக்கும் என்பதையும் மனதில் வையுங்கள். மெல்லியதாக வந்தால் சாம்பல் நிற மேகம் போலத்தான் இருக்கும், கேமராதான் பச்சை என்று சொல்லும். பலமாக வரும்போது யாரும் விளக்கத் தேவையில்லை. பனி, நாய் வண்டி, பகல் வெளிச்சம் எல்லாமும் வேண்டும் என்றால் பிப்ரவரி, மார்ச். குளிர் தாங்காதவர்களுக்குச் செப்டம்பர் கடைசி.

கார் எடுத்து நாமே ஓட்டலாமா?

கோடையில் தாராளமாக. நம் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் எடுத்துப் போங்கள். வலப்பக்கம் ஓட்ட வேண்டும். ஊருக்கு வெளியே பொதுவாக 80, ஊருக்குள் 50. ஆனால் வளைவுகளிலும் படகுத்துறைக் காத்திருப்பிலும் சராசரி 60ஐத் தொடாது. கூகுள் ஐந்து மணி நேரம் என்றால் ஏழு என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகத்துக்கான அபராதம் பல ஆயிரம் குரோனர், பேரம் கிடையாது. சுங்கச்சாவடியில் நிறுத்தவே வேண்டாம், கேமரா எண்ணைப் படித்து, வாடகை நிறுவனம் வழியாகக் கட்டணம் பிறகு வரும். அந்தத் தொகையை மறந்துவிட்டு பட்ஜெட் போடாதீர்கள்.

சுரங்கங்கள் அதிகம். அவுர்லாண்டுக்கும் லேர்டாலுக்கும் நடுவே இருப்பது 24.5 கிலோமீட்டர், உலகிலேயே நீளமான சாலைச் சுரங்கம். ஓட்டுநர் சலித்துத் தூங்கிவிடக் கூடாது என்று நடுவில் நீல விளக்குப் போட்ட குகைகள் வைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில், பனியில் ஓட்டிப் பழக்கமில்லாதவர்கள் கார் சாவியைத் தொடவே வேண்டாம்.

செலவு எவ்வளவு ஆகும்?

அதிகம்தான், சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. ஒரு குரோனர் ஏறக்குறைய எட்டு, ஒன்பது ரூபாய் என்று வைத்துக்கொண்டால், உணவகத்தில் ஒரு தட்டு 250 குரோனர் பக்கம், ஒரு காபி 50 பக்கம். மனதுக்குள் ரூபாயாக மாற்றிக்கொண்டே இருந்தால் எதையும் ரசிக்க முடியாது. ஆனால் குறைக்கும் வழிகள் இருக்கின்றன. விடுதி வாடகையில் பெரும்பாலும் காலை உணவு சேர்ந்திருக்கும், அதை நன்றாகச் சாப்பிடுங்கள். சமையலறை உள்ள குடில் எடுங்கள். ரேமா 1000, கீவி போன்ற மலிவு அங்காடிகளில் வாங்கிச் சமையுங்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். தண்ணீர் பாட்டிலுக்குக் காசு கொடுப்பது வீண், குழாய் நீர் அருமை.

கூடாரம் தூக்கத் தயாராக இருப்பவர்களுக்குத் தங்கும் செலவே இல்லை. 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி பயிரிடாத நிலத்தில் யாரும் நடக்கலாம், கூடாரம் போடலாம். அருகிலுள்ள வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், ஒரே இடத்தில் இரண்டு இரவுக்கு மேல் என்றால் நிலத்துக்காரரிடம் கேட்க வேண்டும். கையில் பணம் வைத்திருக்கத் தேவையே படாது, கார்டு எங்கும் ஓடும். இரண்டு கார்டாக எடுத்துப் போங்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா? வீட்டிலிருந்து கொண்டு போகலாமா?

ஓஸ்லோவில் கவலையில்லை. குரோன்லாண்ட் பகுதியில் தெற்காசியச் சாமான் கடைகள் இருக்கின்றன. இலங்கைத் தமிழர்கள் கணிசமாக வாழும் நகரம் அது. 1980களில் வந்தவர்களில் பலர் வடகோடியில் ஃபின்மார்க்கின் மீன் ஆலைகளில் வேலை பார்த்துவிட்டுப் பிறகு ஓஸ்லோ பக்கம் நகர்ந்தார்கள். அம்மரூட் பகுதியில் சிவசுப்பிரமணியர் ஆலயம் இருக்கிறது, மெட்ரோவிலேயே போய் வரலாம்.

சிறிய ஊர்களில் பிட்சா, வறுத்த உருளைக்கிழங்கு, சூப் என்றுதான் ஓடும். சூப் மீன் சாற்றில் செய்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கொண்டுபோவதில் கவனம்: ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் இறைச்சியும் பால் பொருட்களும் எடுத்து வர அனுமதி இல்லை. நெய், பால்கோவா, பனீர் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். அரிசி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், சின்ன குக்கர் போதும்.

ப்ரெய்க்கெஸ்டோலன் பாறைக்கு ஏற முடியுமா?

லீசே ஃபியோர்டுக்கு 604 மீட்டர் மேலே நிற்கும் தட்டைப் பாறை. போக வர எட்டு கிலோமீட்டர், நாலு மணி நேரம். தினமும் நடக்கிற பழக்கம் உள்ளவர்களும் பத்து வயதுப் பிள்ளைகளும் போகலாம். விளிம்பில் கம்பி வேலி இல்லை என்பதைப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டும். ட்ரோல்துங்கா என்ற இன்னொரு பாறை அப்படியல்ல, பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும் நடை. படம் பார்த்துவிட்டு ஆசைப்பட்டுப் போகிற இடமில்லை.

வயதான அப்பா அம்மாவோடு போகிறோம். என்ன செய்வது?

கடலோரக் கப்பலைப் பாருங்கள். 1893இலிருந்து ஓடுகிறது. பெர்கனிலிருந்து ரஷ்ய எல்லையோரம் இருக்கும் கிர்கெனெஸ் வரை 34 துறைமுகங்களைத் தொட்டு, போய்த் திரும்பப் பன்னிரண்டு நாள். முழுப் பயணம் விலை கூடுதல். ஆனால் ஒன்றிரண்டு இரவு, துறைமுகத்திலிருந்து துறைமுகத்துக்கு மட்டும் டிக்கெட் எடுக்கலாம். போடோவிலிருந்து டிரோம்சோ வரைக்குமான துண்டு நல்ல தேர்வு, லோஃபோடனும் வழியில் வந்துவிடும். முட்டி வலிக்காரர்கள் உட்கார்ந்தே எல்லாம் பார்க்கலாம்.

என்ன உடை?

உள்ளே கம்பளி, நடுவில் ஃப்ளீஸ், மேலே காற்றும் மழையும் புகாத கோட்டு. கோடையிலும்தான். ஜீன்ஸ் நனைந்தால் காயாது. வானிலைக்கு அந்நாட்டு வானிலை நிறுவனமும் வானொலி நிறுவனமும் சேர்ந்து நடத்தும் 'ஈர்' செயலி போதும்.

பிளக், அவசர எண்?

இரண்டு உருண்டை முள் உள்ள ஐரோப்பிய பிளக். ஆம்புலன்ஸ் 113, போலீஸ் 112, தீயணைப்பு 110.

இதோடு ஸ்வீடன், டென்மார்க்கும் சேர்த்துக்கொள்ளலாமா?

இரண்டு வாரம் இருந்தால் சரி. ஓஸ்லோவிலிருந்து கோபன்ஹேகனுக்கு இரவுக் கப்பல் இருக்கிறது, ஸ்டாக்ஹோமுக்கு ரயில். அப்புறம் ஒன்று, அப்படிச் சேர்க்கும்போது எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விசா கேட்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். விடுதி முன்பதிவுகளும் அந்தக் கணக்கோடு ஒத்துப்போகட்டும்.